பாட்டும் பற்றும்



சென்ற கோடை விடுமுறையில் என் பேரன் கடலூருக்கு வந்திருந்தான். சென்னையில் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்பவன். காலையில் எழுந்தது முதல் இரவு உறங்கும் வரையில் அவன் காதில் இயர்போன் இருந்தது. அவன் சட்டையில் ஓர் இசைக்குழுவின் பெயர் இருந்தது. அவன் பேச்சிலும் அக்குழுவின் பெயரே இருந்தது. உணவருந்தும்போது ஒரு நாள், “தாத்தா, என் வயதில் நீங்கள் எந்தக் குழுவுக்கு ரசிகராக இருந்தீர்கள்?” என்று கேட்டான்.

விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆயினும் அதற்கு உரிய விடையைச் சொல்ல எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுதும் வேண்டியிருந்தது. அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். ஒருவர் பாட்டின்மீது நாம் பெரும்பற்றுக் கொள்கிறோம். அப்பாட்டுக்குப் பொருளும் சொல்லத் தொடங்குகிறோம். அந்தப் பற்று பொருளைக் காட்டுவதும் உண்டு, மறைப்பதும் உண்டு. இரண்டையும் நான் பட்டறிந்தவன்.

முதலில் என் பேரனின் குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்பது அதன் பெயர். 2017-ஆம் ஆண்டில் உருவாகி, 2018 சனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய குழு அது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியால் எழுந்தது. சென்னையின் கானாப் பாட்டும், பறையும், மின்கிதாரும், ராப் என்னும் விரைவுப் பேச்சிசையும் அதில் ஒருங்கே ஒலித்தன. மேடையில் நின்றவர்கள் 19 பேர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அயோத்திதாசப் பண்டிதர், தம் மக்களைச் சாதியற்ற தமிழர் என்றே குறிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அக்கருத்தே அக்குழுவின் பெயருக்கு மூலம்.

என் இளமையில் இத்தகைய குழுக்கள் இங்கு இல்லை. ஆனால் என்னை ஆட்கொண்ட ஒருவர் இருந்தார். அவர் நான் பிறப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1896-இல், மறைந்துவிட்டவர். நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரே அவர். “செத்துப்போனவருக்கு ரசிகரா?” என்று பேரன் சிரித்தான். ஆம், நான் அவ்வாறுதான் இருந்தேன்.

கடலூரில் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீடு. 1970-களின் தொடக்கம். எங்கள் வீட்டில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. தண்டபாணி தேசிகரின் குரலில் நந்தனார் பாட்டு வந்துவிட்டால் என் தந்தையார் கைவேலையை நிறுத்திவிடுவார். தெருவில் போகிறவர்களும் சற்று நிற்பார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தை எடுத்து, வானொலியில் கேட்ட பாட்டுகளையெல்லாம் எழுதத் தொடங்கினேன். ஒருமுறை கேட்டால் பல்லவி கிடைக்கும். அடுத்த முறை அனுபல்லவி. சரணத்துக்கு மாதக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். என்னைப்போன்றே பாட்டுப்பித்துக் கொண்ட நண்பர்கள் மூவர் இருந்தனர். மாலையில் கெடிலம் ஆற்றங்கரையில் கூடி, எழுதியவற்றை ஒப்பிட்டு, வரிக்கு வரி பொருள் சொல்லிப் பூசலிடுவோம். இன்று உங்களில் பலர் செய்வதும் இதுதானே?

அந்த நாளில் நான் செய்த பிழையொன்றைச் சொல்கிறேன். ஒரு பாட்டில் ‘வாசி’ என்னும் சொல்லை ‘வாசல்’ என்று காதில் வாங்கி, அப்படியே எழுதிக்கொண்டேன். எழுதியதோடு நில்லாமல், அந்த வாசல் எந்த வாசல், கோயில் வாசலா, மோட்ச வாசலா என்று ஒரு வாரம் விரிவுரையும் நிகழ்த்தினேன். பிறகு நூலகத்தில் அச்சுப் புத்தகத்தைப் பார்த்தேன். வாசி என்பது சித்தர் நூல்களில் மூச்சைக் குறிக்கும் சொல். என் வாசல்கள் அனைத்தும் ஒரே நொடியில் அடைபட்டன! நண்பர்கள் ஓராண்டுக் காலம் என்னை ‘வாசல்’ என்றே அழைத்தனர்.

இன்னொரு மயக்கமும் எங்களுக்கு இருந்தது. நந்தனார் கதை 1935-இல் ‘பக்த நந்தனார்’ என்று திரைப்படமாக வந்தது. கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராகவும் நடித்தனர். 1942-இல் ஜெமினி நிறுவனம் மீண்டும் அக்கதையைப் படமாக்கிற்று. அதில் நந்தனாராக நடித்துப் பாடிய தேசிகர், பின்னாளில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைக்குத் தலைமை தாங்கினார். அப்படத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடல்களோடு பாபநாசம் சிவன் பாடல்களும் கலந்திருந்தன. நாங்களோ அனைத்தையும் பாரதியார் பாட்டென்றே கொண்டு, சிவன் எழுதிய சொல்லுக்குப் பாரதியார் வாழ்க்கையில் சான்று தேடிக்கொண்டிருந்தோம். கேட்டது என்ன சொல், எழுதியவர் யார் என்னும் இரண்டையும் உறுதி செய்துகொள்ளாமல் பொருள் சொல்லப் புகுந்தால் இப்படித்தான் முடியும்.

பற்று மிகுந்தோர் வழிதவறுவது நம் நாட்டில் மட்டும் நிகழ்வதன்று. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் தோன்றிய பீட்டில்ஸ் குழுவை நீங்கள் அறிவீர்கள். நால்வர் கொண்ட அந்த ராக் இசைக்குழுவுக்கு 1960-களில் உலகெங்கும் ரசிகர்கள் இருந்தனர். 1969-ஆம் ஆண்டில், அந்நால்வரில் ஒருவரான பால் மெக்கார்ட்னி இறந்துவிட்டார், அவரைப் போன்ற வேறொருவர் அவர் இடத்தில் இருக்கிறார் என்னும் வதந்தி அமெரிக்கக் கல்லூரிகளில் பரவிற்று. அதற்குச் சான்று எங்கே கிடைத்தது தெரியுமா? பாட்டுகளில்! இசைத்தட்டைப் பின்னோக்கிச் சுழலவிட்டுக் கேட்டனர். ஏதோ மறைபொருள் ஒலிப்பதாகச் சொன்னார்கள். ‘அபே ரோடு’ என்னும் இசைத்தட்டின் உறையில் அவர் செருப்பில்லாமல் நடப்பதைக் கண்டு, அது சாவின் குறி என்றார்கள். மெக்கார்ட்னி உயிரோடு இருக்கும் செய்தியை ‘லைஃப்’ இதழ் நேர்காணல் எடுத்து வெளியிட வேண்டியதாயிற்று. அதன்பின் பல்லாண்டுகள் அவர் மேடையேறிப் பாடினார்.

அக்குழுவைச் சேர்ந்த ஜான் லெனனைப் பற்றிய செய்தி ஒன்று என்னைப் போன்ற ஆசிரியர்களுக்குச் சுவையானது. அவர் படித்த பள்ளியில் அவருடைய பாட்டுகளுக்கு வகுப்பில் பொருள் சொல்லித் தருவதாக ஒரு மாணவர் கடிதம் எழுதினாராம். “இதற்குப் பொருள் சொல்லட்டும் பார்க்கலாம்” என்று, வேண்டுமென்றே தொடர்பில்லாத சொற்களை அடுக்கி லெனன் ஒரு பாட்டு எழுதினார் என்பர். பாட்டில் இல்லாததை ஏற்றிச் சொல்லும் ஆசிரியருக்கு அது தக்க தண்டனைதான்.

ஆனால், நண்பர்களே, இல்லாததைக் காண்பது ஒரு குற்றம் என்றால், இருப்பதைக் காணாமல் விடுவது அதனினும் பெரிய குற்றம். அக்குற்றத்தையும் நான் செய்தேன். அதைச் சொல்வதற்காகவே இவ்வளவு தொலைவு உங்களை அழைத்து வந்தேன்.

ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த பின், கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையிலுள்ள ஒரு பள்ளியில் சில ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தேன். அந்நாளில் அவ்வழியே மீட்டர் கேஜ் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நின்று நின்று செல்லும் அந்த வண்டியில், நந்தனார் பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே நாள்தோறும் சென்று வருவேன்.

1990-களில் ஒரு நாள், பத்தாம் வகுப்பில் நந்தனார் கதையைச் சொல்லும் வாய்ப்பு நேர்ந்தது. விடுவேனா? ஆதனூரில் பிறந்தவர், தில்லைக்கு ‘நாளைப் போவேன்’, ‘நாளைப் போவேன்’ என்று ஏங்கியிருந்ததால் திருநாளைப்போவார் என்று பெயர் பெற்றவர், கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்துத் தொண்டு செய்தவர் என்று சேக்கிழார் வழிநின்று கூறினேன். பிறகு மாஞ்சி இராகத்தில் அமைந்த ‘வருகலாமோ’ என்னும் கீர்த்தனையை நானே பாடிக் காட்டினேன். தில்லையின் எல்லையில் நின்று, உள்ளே வரலாமா என்று நந்தன் இறைவனைக் கேட்கும் பாட்டு அது. பாடி முடித்தபோது என் கண்கள் கலங்கியிருந்தன. வகுப்பு அமைதியாக இருந்தது. எனக்குப் பெருமிதமாகவும் இருந்தது.

அப்போது ஒரு மாணவி எழுந்தாள். “ஐயா, அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் போயிற்று. அவர் மட்டும் ஏன் வெளியே நின்றார்? எங்கள் அப்பாவும் பறைக்குத் தோல் கட்டுகிறவர்தாம், ஐயா” என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இது பக்திப் பாட்டு, அம்மா. பக்தியில் இப்படியெல்லாம் கேட்கக் கூடாது. உட்கார்” என்றேன். அவள் உட்கார்ந்தாள்.

அன்று மாலை ரயிலில் வரும்போது வழக்கம்போல் அப்பாட்டைப் பாட முயன்றேன். முடியவில்லை. வரலாமா என்று கேட்கும் பாட்டுக்காகக் கண்ணீர் விட்டவன், கேள்வி கேட்டு நின்ற குழந்தையை உட்காரச் சொன்னேன். இருபது ஆண்டு ரசிகன் நான். அப்பாட்டின் இராகம் எனக்குத் தெரியும்; தாளம் தெரியும்; யார் யார் எப்படிப் பாடினார்கள் என்று தெரியும். அது ஒரு கேள்வி என்பது மட்டும் தெரியாமற் போயிற்று.

அன்றிரவு பெரியபுராணத்தையும் கீர்த்தனை நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். மூன்று வினாக்களை எழுதி வைத்துக்கொண்டேன். இப்பாட்டில் பேசுபவர் யார்? யாரிடம் பேசுகிறார்? எங்கே நின்று பேசுகிறார்? எந்தப் பாட்டுக்கும் இம்மூன்றையும் கேட்கலாம். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

பேசுபவர் யார்? பாட்டை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் அந்தணர் குலத்தில் பிறந்து, மாயூரம் பக்கத்தில் ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர், மணம் செய்துகொள்ளாதவர். அவர் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் அல்லர். வெளியே நின்ற ஒருவரின் வாய்மொழியாகப் பாடினார். பின்னர் அதே சொற்களைச் சுந்தராம்பாள் என்னும் பெண்மணி பாடினார், தேசிகர் பாடினார், சபா மேடைகளில் வித்துவான்கள் பாடினார்கள். ‘நான்’ என்னும் சொல் பாட்டில் வந்தால் அது எழுதியவரையே குறிக்கும் என்று இளம் ரசிகர்கள் எண்ணுவது இயல்பு. அது எப்போதும் உண்மையன்று.

யாரிடம் பேசுகிறார்? இறைவனிடம். ஆனால் கதையில் இறைவன் ஒருபோதும் வராதே என்று சொல்லவில்லை. திருப்புன்கூரில் நந்தி மறைத்தபோது, விலகி இருக்கும்படி இறைவனே பணித்தான். தில்லையில் மறைத்தது கல்நந்தியன்று. மனிதர் வகுத்த எல்லை. பாட்டு இறைவனை விளித்தாலும், சுற்றி நிற்பவர் செவியில் விழும்படியே பாடப்படுகிறது.

இங்கே இன்னொன்றையும் கண்டேன். நந்தனாரைத் துன்புறுத்தும் நிலக்கிழாரான வேதியர் பெரியபுராணத்தில் இல்லை. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்லாத அப்பாத்திரத்தை 19-ஆம் நூற்றாண்டில் பாரதியார் படைத்துச் சேர்த்தார். 40 வேலி நிலத்தைப் பயிரிட்டு முடித்துவிட்டுத் தில்லைக்குப் போ என்று அவ்வேதியர் ஆணையிடுகிறார். 40 வேலி என்றால் ஏறத்தாழ 265 ஏக்கர். ஒருவனால் ஆகக்கூடியதா? பாரதியார் காவிரி நாட்டில் பண்ணையாட்களின் வாழ்வைக் கண்ணால் கண்டவர். புராணத்தில் இல்லாத பண்ணையைப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர் அவர். அப்படியிருக்க, அது வெறும் பக்திப் பாட்டு, வேறொன்றும் பார்க்காதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

எங்கே நின்று பேசுகிறார்? எல்லையில் நின்று. கேட்கும் நானோ, சபையில் நாற்காலியில் அமர்ந்திருக்கிறேன்; கோயிலுக்குள் என் பாட்டனார் காலத்திலிருந்தே போய் வந்துகொண்டிருக்கிறேன். உள்ளே இருப்பவன் காதுக்கு அது இனிய ஏக்கமாகக் கேட்கிறது. வெளியே நிறுத்தப்பட்டவர் வழிவந்த குழந்தையின் காதுக்கு அது நேரான கேள்வியாகக் கேட்கிறது. பாட்டு ஒன்றுதான்; கேட்கும் இடம் வேறு.

நந்தனார் தீயில் மூழ்கி எழுந்தே தில்லையம்பலம் புகுந்தார் என்பதில் சேக்கிழாரும் பாரதியாரும் ஒத்திருக்கின்றனர். மற்றவர் நடந்து சென்ற வாயிலுக்கு அவர் மட்டும் தீயின் வழியே செல்ல வேண்டியிருந்தது. இதைப் பக்தியின் வெற்றி என்று போற்றியவர் பலர். நீதியின் தோல்வி என்று வருந்தியவரும் பலர். இரு சாராரும் நூலைப் படித்தே சொல்கின்றனர். நூலுக்குள் இதற்கு மேல் விடையில்லை.

விடை நூலுக்கு வெளியே வந்தது. சுவாமி சகஜானந்தர் 1916-ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் நந்தனார் பெயராலேயே ஒரு கல்விக் கழகம் தொடங்கி, ஒடுக்கப்பட்ட மக்களின் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்து, 1959-இல் மறைந்தார். 1939 சூலையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலய நுழைவு நிகழ்ந்தது. 1947-இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, தன் 17-ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்தது. வரலாமா என்ற கேள்விக்கு, வரலாம், அது உன் உரிமை என்று சட்டம் சொன்னது. சட்டம் சொன்னபின்னும் மனங்கள் மாறக் காலம் ஆகிறது என்பதற்கு, அன்று வகுப்பில் நின்ற நானே சான்று.

மறுவாரம் அதே வகுப்பில், “சென்ற வாரம் நான் சொன்ன விடை தவறு” என்று தொடங்கினேன். கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டு, சேக்கிழார் சொன்னது இது, பாரதியார் சேர்த்தது இது என்று எழுதிப்போட்டேன். நந்தனார் ஏன் வெளியே நின்றார் என்பதற்கு மறைக்காமல் விடை சொன்னேன். அம்மாணவி ஒன்றும் பேசவில்லை. குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். அந்த ஆண்டு முழுதும் அவள் கேள்வி கேட்கவுமில்லை. ஒருமுறை உட்காரச் சொல்லப்பட்ட குழந்தை மீண்டும் எழுவது எளிதன்று. ஆசிரியராகப் போகும் மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

“அப்படியானால் அந்தப் பாட்டை விட்டுவிட்டீர்களா, தாத்தா?” என்று பேரன் கேட்டான். இல்லை. இன்னும் கேட்கிறேன், முன்னிலும் மிகுதியாகக் கேட்கிறேன். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி உ. வே. சாமிநாதையர் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். நந்தனார் சரித்திரத்துக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டிக் கோபாலகிருஷ்ண பாரதியார் பலமுறை பிள்ளையவர்கள் இல்லம் சென்றார். இலக்கணப் பிழைகள் உள்ள நூல் என்று பிள்ளையவர்கள் தயங்கினார். ஒரு நாள் திண்ணையில் அமர்ந்து பாரதியார் பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு உள்ளம் உருகிப் பாயிரம் அளித்தார். பிழை கண்டவர் அப்பிழையை மறந்தாரல்லர். அதற்கப்பாலும் ஒன்று இருப்பதைக் கேட்டறிந்தார். நூல் 1860-களின் தொடக்கத்தில் அச்சேறியது. குறையைக் காண்பதும் உருகுவதும் ஒரே மனத்தில் இருக்க முடியும். அதுவே தேர்ந்த ரசிகனின் மனம் என்று நான் கருதுகிறேன்.

பேரனின் குழுவைப் பற்றியும் பேசினோம். அவர்கள் பாட்டில் பிழையே கிடையாது என்றான். “வாசல் என்று ஒருவன் இருந்தான், தெரியுமா?” என்றேன். சிரித்தான். பிறகு தன் இயர்போனில் ஒன்றைக் கழற்றி என் காதில் வைத்தான். பறையொலி எழுந்தது. கோயிலுக்குள் தோலைக் கொடுத்துவிட்டு வெளியே நின்றவரின் நினைவு எனக்கு வந்தது. இங்கே தோலிசைக் கருவியும் அதை முழக்குபவரும் ஒரே மேடையில், விளக்கொளியில், முன்வரிசையில் நிற்கின்றனர். சில சொற்கள் எனக்கு விளங்கவில்லை. மூன்று வினாக்களையும் அவனிடம் கேட்டேன். முதல் இரண்டுக்கு உடனே விடை சொன்னான். மூன்றாவதற்கு, “யோசித்துச் சொல்கிறேன், தாத்தா” என்றான்.

மறுநாள் இருவரும் ரயிலேறிச் சிதம்பரம் சென்றோம். இப்போது அகன்ற பாதை. வண்டி விரைவாகச் செல்கிறது. ஓமக்குளம் வரை நடந்தோம். அவன் வழியெல்லாம் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தான். நான் இடையில் பேசவில்லை.

நண்பர்களே! உங்களுக்குப் பிடித்த பாட்டை நூறு முறை கேளுங்கள். நூற்றோராம் முறை, அதை வேறோரிடத்தில் நின்று கேட்பவர் யாரேனும் இருந்தால், அவரையும் அருகில் அமர்த்திக்கொண்டு, அவர் காதுக்கு அது எப்படி ஒலிக்கிறது என்று கேளுங்கள். அவர் எழுந்து கேள்வி கேட்டால், தயவு செய்து உட்காரச் சொல்லாதீர்கள்.